தோள் குழியில் மிஞ்சியிருக்கும் எலும்பு



நான் வைத்தியன் அல்லன். வணிகவியல் படித்து, கிழமை நாட்களில் கணக்கு எழுதி, ஓய்வு நேரத்தில் வானொலிக்கு வந்து ஒலிவாங்கிக்கு முன்னால் அமர்பவன். அப்படியானவன் சத்திரசிகிச்சையின் வரலாற்றைப் பேச வருவதற்குக் காரணம் உண்டு. எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்து, உணவகங்களில் கோப்பை கழுவியும், விடியமுன் எழும்பி அலுவலகங்களைத் துடைத்தும், களஞ்சியங்களில் பெட்டி தூக்கியும் குடும்பங்களை நிமிர்த்திய எங்கள் மூத்தவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். முழங்கால் மாற்றியவர்களை எங்களுக்கு நிறையத் தெரியும். தோளையும் மாற்றலாம் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "கை தூக்க ஏலாமல் போகட்டும், அப்போது பார்ப்போம்" என்கிறார்கள்.

அந்த "அப்போது பார்ப்போம்" என்ற சொல்லில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, 130 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாற்றைப் பார்க்கவேண்டும். அதன் முதல் அத்தியாயம் நாம் வாழும் இந்த ஜேர்மனியிலேயே எழுதப்பட்டது.

தாச்சி என்ற பெயர்

முதலில் தோள்மூட்டின் அமைப்பு. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் அமர்ந்திருக்கிறது. உரலுக்குள் உலக்கை மாதிரி, எளிதில் வெளியே வராது. தோளில் அப்படியில்லை. மேற்கை எலும்பின் பந்து பெரியது; அதைத் தாங்கும் குழியோ சிறியது, ஆழமில்லாதது. சிறிய தட்டில் ஒரு தோடம்பழத்தை வைத்தது போன்றது. ஜேர்மன் மொழியில் இந்தக் குழியை ஷுல்டர்ஃபன்ன என்பார்கள். ஃபன்ன என்றால் எங்கள் அடுப்படியில் இருக்கும் தாச்சிதான்.

அந்தத் தாச்சியின் உயரம் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர், அகலம் 3 சென்ரிமீற்றருக்கும் குறைவு. அது தோள்பட்டை எலும்பின் விளிம்பில் இருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள எலும்பு உள்ளே போகப்போகக் கூம்பாக ஒடுங்கி, கடைசியில் மெல்லிய தகடாகிவிடும். அதாவது, ஒரு செயற்கைக் குழியைப் பொருத்த வேண்டுமென்றால் திருகாணி பிடிப்பதற்கு மிகக் குறைந்த இடமே இருக்கிறது. இருக்கும் அந்தக் கொஞ்ச எலும்பும் தேய்ந்துபோனால் என்ன செய்வது என்பதே நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் முட்டிமோதிய கேள்வி.

பேர்லின், 1890

தெமிஸ்தொக்கிளெஸ் குளுக் என்பவர் 1853ஆம் ஆண்டு இன்றைய ருமேனியாவில் உள்ள யாசி நகரில் பிறந்தவர். பேர்லினில் சத்திரசிகிச்சை பயின்று, அங்கேயே தொழில் செய்தார். 1890 மே 20ஆம் திகதி, காசநோயால் முழங்கால் அழிந்துபோன 17 வயதுப் பெண் ஒருவருக்கு யானைத் தந்தத்தில் செய்த செயற்கை மூட்டைப் பொருத்தினார். தொடர்ந்து வேறு மூட்டுகளுக்கும் செய்தார். மொத்தம் 14 செயற்கை மூட்டுகள். தந்தத்தை எலும்போடு ஒட்டவைக்க, பிசின், நுரைக்கல் தூள், சாந்து ஆகியவற்றைக் கலந்து ஒரு கலவையும் தயாரித்தார். இன்றைய "எலும்புச் சீமெந்தின்" மூதாதை அது. தோளுக்கான மூட்டு வடிவத்தையும் அவர் சிந்தித்திருந்தார்.

அதே 1890 ஆகஸ்டில் பேர்லினில் 10ஆவது சர்வதேச வைத்திய மாநாடு நடந்தது. குளுக் தன் பணியை அங்கே வெளிப்படுத்த விரும்பினார். ஆனால் அக்காலத்தில் ஜேர்மன் சத்திரசிகிச்சையின் தலைமகனாக இருந்த எர்ன்ஸ்ட் ஃபொன் பேர்க்மன் அதைத் தடுத்தார். உயர்ந்த இடத்தில் இருப்பவர் மறுத்தால் கீழே இருப்பவரின் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பது எங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குளுக் பின்னர் பேர்லினில் ஒரு சிறுவர் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்தினார். 1942இல் காலமானார்.

ஆயினும் நியாயமாகப் பார்த்தால், பேர்க்மனின் எதிர்ப்பு மட்டுமே குளுக்கின் மூட்டுகளைத் தோற்கடித்தது என்று சொல்லிவிட முடியாது. காசநோயால் அழுகிய மூட்டுக்குள்தான் அவர் தந்தத்தை வைத்தார். சில காலம் நன்றாக இருந்தது. பிறகு கிருமி மீண்டும் தலைதூக்கியது, சீழ் வடிந்தது. நாட்பட்ட கிருமித்தொற்று உள்ள மூட்டுக்குள் செயற்கை மூட்டை வைக்கக்கூடாது என்பதைப் பின்னர் குளுக்கே எடுத்துச் சொன்னார். பொருத்திய பொருள் நல்லதாக இருந்தும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய எலும்பு கெட்டுப்போயிருந்தது. இந்த வரலாறு முழுவதிலும் திரும்பத் திரும்ப வருகிற பாடம் இது.

பாரிஸ், 1893

தோள் மூட்டு மாற்றத்தில் பதிவாகியுள்ள முதற் சம்பவம் பிரான்ஸில் நடந்தது. 1893 மார்ச்சில் ஜூல்ஸ் எமில் பெயான் என்ற பாரிஸ் சத்திரசிகிச்சை நிபுணர், 37 வயதான ஒரு பேக்கரித் தொழிலாளியின் தோளுக்குள் செயற்கை மூட்டைப் பொருத்தினார். அவருக்கும் காசநோய்தான். கையையே துண்டிக்கவேண்டும் என்ற நிலை. அந்த மனிதர் அதற்கு உடன்படவில்லை. மைக்கேல்ஸ் என்ற பல் வைத்தியர் அந்த மூட்டைச் செய்து கொடுத்தார். தண்டு பிளாற்றினத்தாலும், பந்து பரவினில் காய்ச்சிக் கெட்டியாக்கிய இறப்பராலும் ஆனது. பந்தைத் தோள்பட்டையோடு பிணைக்க உலோக வளையம் ஒன்றும் இருந்தது.

அந்தத் தொழிலாளியின் கை மீண்டும் வேலை செய்தது. ஆனால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் கிருமித்தொற்றுத் திரும்பி வந்ததால் மூட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. அந்த மூட்டு இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

கிருமியை வெல்லும் வழியிலும் ஜேர்மனிக்குப் பங்குண்டு. காசநோய்க் கிருமியை 1882இல் பேர்லினில் உலகுக்கு அறிவித்தவர் றொபேர்ட் கொக். அந்த நோய்க்குச் சரியான மருந்து வர மேலும் அறுபது ஆண்டுகள் சென்றன. 1958 முதல் இங்கிலாந்தில் ஜோன் சான்லி இடுப்பு மூட்டை எலும்போடு பிணைக்க அக்ரிலிக் சீமெந்தைப் பயன்படுத்தினார். டார்ம்ஸ்டட் நகரில் ஒட்டோ ரோமின் நிறுவனம் 1933இல் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் வெளியிட்ட கண்ணாடி போன்ற பொருளின் இனத்தைச் சேர்ந்தது அது. பின்னர் ஹம்பேர்க்கில் ஹான்ஸ் வில்ஹெல்ம் புக்ஹோல்ட்ஸ், 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், அந்தச் சீமெந்துக்குள்ளேயே ஜென்டமைசின் என்ற நுண்ணுயிர்கொல்லி மருந்தைக் கலந்தார். குளுக்கையும் பெயானையும் தோற்கடித்த எதிரிக்கு எதிராக ஒரு காவல் கிடைத்தது.

நியூயோர்க்கில் விட்டுவைத்த பாதி

இன்றைய தோள் மூட்டு மாற்றத்தின் தந்தை என்று அமெரிக்கரான சார்ள்ஸ் நியரைச் சொல்வார்கள். மேற்கை எலும்பின் தலை நொறுங்கியவர்களுக்கு, 1950களின் தொடக்கத்தில் உலோகத் தலையைப் பொருத்தத் தொடங்கி, 1955இல் அதன் பெறுபேறுகளை வெளியிட்டார். அவர் மாற்றியது மூட்டின் ஒரு பாதியை. குழியைத் தொடவில்லை. விபத்தில் முறிந்தவர்களின் குழி நன்றாகவே இருந்ததால் அது பொருந்தியது.

ஆனால் மூட்டுத் தேய்மானத்தால் வந்தவர்களுக்கு வேறு சிக்கல் இருந்தது. அவர்களின் குழியும் தேய்ந்திருந்தது. கடினமான உலோகப் பந்து ஆண்டுக்கணக்கில் உரசும்போது, அம்மியில் குழி விழுவதுபோல அந்த எலும்பில் பள்ளம் மேலும் ஆழமாகும். எனவே 1970களில் நியர் பொலியெத்திலீன் பிளாஸ்டிக்கால் ஆன குழியையும் சேர்த்துப் பொருத்தத் தொடங்கினார். அப்போது புதிய தலைவலி பிறந்தது. பந்து கெட்டியாக நின்றது, குழிதான் கழன்றது.

ஏன் கழல்கிறது? பழைய வீடுகளின் உதிரும் சுவரில் அலுமாரி தொங்கவிட முயன்றவர்களுக்கு இது நன்றாக விளங்கும். டூபெல் துளைக்குள்ளே சுழலும், பிடிக்காது. பிடித்தாலும் பாரம் ஒரு பக்கமாக விழுந்தால் மெல்ல மெல்ல ஆட்டம் காணும். தோளில் பந்து குழியின் நடுவில் அழுத்தாமல் பின்விளிம்பில் அழுத்தினால், பிளாஸ்டிக் குழி சிறுபிள்ளைகளின் ஆடுகுதிரை போல முன்னும் பின்னும் அசையும். நிபுணர்கள் இதற்கு ஆடுகுதிரை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அசைய அசைய மிச்ச எலும்பும் கரையும்.

பார்த்தால்தான் தெரியும்

எவ்வளவு எலும்பு மிஞ்சியிருக்கிறது என்று கத்தி வைக்கமுன் அறிவது எப்படி? வூர்ட்ஸ்பேர்க் நகரில் 1895 நவம்பரில் வில்ஹெல்ம் ரொன்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரே எலும்பைக் காட்டியது உண்மை. ஆனால் அது தட்டையான நிழல். குழியின் பின்பக்கத் தேய்வு அதில் ஒளிந்துகொள்ளும். 1971இல் இலண்டனில் கொட்பிறி ஹவுன்ஸ்பீல்டின் சிரி ஸ்கானர் முதல் நோயாளியைப் படம் பிடித்த பிறகே உடலை வெட்டுவெட்டாகப் பார்க்க வழி பிறந்தது.

அந்த வசதியைக் கொண்டு பிரான்ஸின் லியோன் நகரைச் சேர்ந்த ஜில் வால்ஷும் அவரது குழுவினரும் தேய்மானம் கண்ட 113 தோள்களை ஆராய்ந்து 1999இல் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார்கள். பந்து நடுவில் அழுத்தி நடுவே தேய்ந்தது ஏ வகை. அது நூற்றுக்கு 59. பந்து பின்னால் நழுவிப் பின்விளிம்பு தேய்ந்தது பி வகை, அது 32. குழி பிறவியிலேயே பின்னோக்கிச் சாய்ந்திருப்பது சி வகை, அது 9. பி வகையிலும் முற்றிய நிலையில், பழைய குழிக்குப் பின்னால் இரண்டாவதாக ஒரு பள்ளம் விழுந்து, ஒரு குழி இரண்டாகிவிடும். இந்த வகைப்பாடு பின்னர் விரிவாக்கப்பட்டு, இன்றும் பாவனையில் உள்ளது. எண்களோடு வாழ்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்த ஆய்வு பிடிக்கும். நட்டம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், எந்தப் பக்கத்தில், எவ்வளவு என்று பிரித்துக் காட்டியது அது.

நட்டத்தைச் சமாளித்த வழிகள்

எலும்பு இழப்பை ஜேர்மன் வைத்தியர்கள் க்னொஹன்ஃபெர்லுஸ்ட் என்பார்கள். ஃபெர்லுஸ்ட் என்ற சொல்லைத்தான் நாங்கள் இலாப நட்டக் கணக்கிலும் எழுதுகிறோம். அந்த நட்டத்தைச் சமாளிக்க நான்கு வழிகள் உருவாகின.

முதலாவது, உயர்ந்து நிற்கும் முன்பக்கத்தைச் சீவி, தாழ்ந்த பின்பக்கத்தோடு மட்டப்படுத்துவது. சிறிய சாய்வுக்கு இது போதும். ஆனால் ஏறத்தாழ 15 பாகைக்கு மேற்பட்ட சாய்வை இப்படிச் சரிசெய்யப் போனால், நல்ல எலும்பை வெட்டி வீச வேண்டியிருக்கும். கடனை அடைக்க வீட்டையே விற்பது போன்றது அது.

இரண்டாவது, குறைந்த இடத்தில் எலும்பை வைத்து நிரப்புவது. நியரும் மொரிசனும் 1988இல் இதைப் பற்றி எழுதினார்கள். இதற்கான எலும்பை வெளியே தேட வேண்டியதில்லை; எப்படியும் வெட்டி அகற்றப்போகும் மேற்கை எலும்பின் தலையிலிருந்தே எடுத்து, தேய்ந்த பக்கத்தில் வைத்துத் திருகாணியால் இறுக்கலாம். நோயாளியின் சொந்த எலும்பு என்பதால் ஒட்டும் வாய்ப்பு அதிகம். ஆனாலும் சிலருக்கு ஒட்டாமல் கரைந்துவிடும்.

மூன்றாவது, செயற்கைக் குழியையே ஒரு பக்கம் தடிப்பாகச் செய்வது. ஆடும் மேசைக் காலுக்குக் கீழே ஆப்பு வைப்பதுபோல, தேய்ந்த பக்கத்தை உலோகமோ பிளாஸ்டிக்கோ ஈடுசெய்யும்.

நான்காவது வழியே பெரிய திருப்பம். 1970களில் பல நாடுகளிலும், ஜேர்மனியில் கோல்பெல் போன்றவர்களும், பந்தையும் குழியையும் இடம்மாற்றி வைத்துப் பார்த்தார்கள். குழி இருந்த இடத்தில் பந்து, பந்து இருந்த இடத்தில் கிண்ணம். அக்கால வடிவங்கள் பெரும்பாலும் கழன்றுபோயின. 1985இல் பிரான்ஸின் டிஜோன் நகரைச் சேர்ந்த போல் கிறமொன் அதற்கான காரணத்தைப் பிடித்தார். பந்தைத் தோள்பட்டை எலும்போடு ஒட்டினாற்போல வைத்தால், சுழலும் மையம் எலும்பின் மேற்பரப்பிலேயே அமையும். நெம்புகிற விசை குறையும். தோளைத் தூக்கும் உட்தசைநார்கள் அறுந்திருந்தாலும், மேலே இருக்கும் டெல்ரா தசை தனியாகவே கையைத் தூக்கும். 1991இல் வந்த அவரது டெல்ரா 3 என்ற வடிவமே இன்றைய தலைகீழ் மூட்டுகளின் முன்னோடி. இதில் குழிப்பக்கத்தில் இருப்பது ஒட்டிவைத்த பிளாஸ்டிக் அல்ல; திருகாணிகளால் இறுக்கிய உலோகத் தகடு. அதனால் தேய்ந்த எலும்பிலும், ஒட்டுவைத்த எலும்பின் மேலும் அதை நிறுத்த முடிகிறது. நீஸ் நகரின் பஸ்கால் பொவாலோ குழுவினர், நோயாளியின் மேற்கைத் தலையிலிருந்து வெட்டிய எலும்பு வில்லையை இந்தத் தகட்டுக்குக் கீழே வைக்கும் முறையை 2011இல் வெளியிட்டார்கள்.

இன்று சிரி ஸ்கான் படங்களைக் கணினியில் முப்பரிமாணமாக்கி, சத்திரசிகிச்சைக்கு முதலே திருகாணி எந்தத் திசையில் போகவேண்டும் என்று திட்டமிடுகிறார்கள். இழப்பு மிகப் பெரிதானால் அந்த நோயாளிக்கென்றே தனியாக அளவெடுத்த உலோகப் பகுதியைச் செய்விக்கிறார்கள். சிலருக்கு முதலில் எலும்பை ஒட்டி, அது பிடித்தபின் மாதங்கள் கழித்து மூட்டை வைக்கிறார்கள். எதற்கும் இடமில்லாதபோது, குழியை விட்டுவிட்டுப் பந்தை மட்டும் மாற்றுகிறார்கள். ஆனால் எந்த வழியைத் தெரிவுசெய்தாலும், தகடோ குழியோ உறுதியாக நிற்க நோயாளியின் சொந்த எலும்பு போதிய அளவு அதைத் தொட்டுத் தாங்கவேண்டும்.

முதலும் வட்டியும்

இவ்வளவு தூரம் கேட்ட உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கணக்கியலில் முதல் என்றும் செலவு என்றும் இரண்டு உண்டு. செயற்கை மூட்டு ஒரு சொத்து. அது தேயும், கழலும், தேவையானால் மாற்றலாம். அதைத் தாங்கும் எலும்புதான் முதல். தந்தமாக இருந்தாலும், பிளாற்றினமாக இருந்தாலும், இன்றைய ரைற்றேனியமாக இருந்தாலும், முதல் இல்லாத இடத்தில் எதுவும் நிலைத்து நிற்கவில்லை. குழியின் பின்விளிம்பு தேய்ந்துகொண்டிருக்கும் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கும்போது, அவர் வலியை மட்டும் தாங்கவில்லை. தெரியாமலே முதலையும் செலவழிக்கக்கூடும். எளிய சிகிச்சையால் முடிந்திருக்க வேண்டியது, எலும்பு ஒட்டும் ஆப்பும் வேண்டிய பெரிய சிகிச்சையாகிவிடக்கூடும்.

இதன் பொருள் எல்லோரும் ஓடிப்போய் வெட்டவேண்டும் என்பதல்ல. தோள்வலி எல்லாம் மூட்டுத் தேய்வும் அல்ல. தசைநார் அறுந்திருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு அதிகம் வருகிற உறைந்த தோளாக இருக்கலாம். அது பெரும்பாலும் பயிற்சியாலும் மருந்தாலும் காலத்தாலும் தேறும். தேய்மானம் என்று உறுதியானாலும், பலர் உடற்பயிற்சிச் சிகிச்சையோடு ஆண்டுக்கணக்கில் சமாளிக்கிறார்கள். காத்திருக்கலாம், ஆனால் எவ்வளவு எலும்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு காத்திருக்கவேண்டும்.

ஆகவே எலும்பு வைத்தியரிடம் போகும்போது சில கேள்விகளைக் கொண்டுபோங்கள். என் குழி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது? போனமுறை எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் மாறியிருக்கிறதா? சிரி ஸ்கான் தேவையா? உட்தசைநார்கள் நன்றாக இருக்கின்றனவா? காத்திருந்தால் எதை இழப்பேன்? எங்கள் குடும்பங்களில் பெரும்பாலும் மகனோ மகளோதான் மொழிபெயர்க்கிறார்கள். பிள்ளைகளே, அம்மாவோ அப்பாவோ "கொஞ்சம் நோகுது" என்று சொன்னால் அதை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடிகிறதா, தலை இழுக்க முடிகிறதா, மேல்தட்டில் இருக்கும் சீனிப் போத்தலை எடுக்க முடிகிறதா என்பதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. எங்களில் சிலரின் தோள்களில் ஊரில் பட்ட காயங்கள் இருக்கின்றன. அப்போது சரியாகப் பொருந்தாமல் ஆறிய முறிவு, உள்ளேயே விட்டுவைத்த ஷெல் துண்டு, எப்போதோ சீழ்வைத்து ஆறிய புண். பழைய கதை, ஏன் கிளறுவான் என்று நாங்கள் அவற்றைச் சொல்வதில்லை. ஆனால் குளுக்கின் நோயாளிகளிடமிருந்து கற்ற பாடம் இங்கேதான் உதவுகிறது. எலும்புக்குள் பழைய கிருமி உறங்கினால் புதிய மூட்டுக்கு ஆபத்து. முறிந்து ஆறிய எலும்பின் வடிவம் மாறியிருந்தால் திட்டமே மாறும். உலோகத் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கமுன் கட்டாயம் சொல்லவேண்டும். அரசியல் பேச வேண்டாம். எந்த ஆண்டு, எந்தத் தோள், என்ன நடந்தது என்ற மூன்றையும் ஒரு துண்டில் ஜேர்மன் மொழியில் எழுதிக் கொடுத்தாலே போதும்.

மூட்டு ஏற்கெனவே மாற்றியவர்கள், வைத்தியசாலை தந்த இம்ப்ளான்டாட்பாஸ் என்ற சிறு அட்டையை வீட்டுப் பத்திரங்களோடு பத்திரப்படுத்துங்கள். என்ன வகை, எந்தத் தொகுதி என்று அதில் இருக்கும். பல ஆண்டுகள் கழித்து வேறொரு நகரத்தில், வேறொரு வைத்தியர் உங்கள் தோளைத் திறக்கவேண்டி வந்தால், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

இந்த உரை பற்றிய உங்கள் கேள்விகளை வழமைபோல எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். சிகிச்சை பற்றிய முடிவு உங்களுக்கும் உங்கள் வைத்தியருக்கும் உரியது. சரித்திரம் பற்றிய கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதிலைத் தருவேன்.